சனி, ஞாயிறு இல்லாத கலண்டர்

அத்தியாயம் 4

அன்று காலை அஹ்னாப் றலியாவை "தாத்தா" என்று கூப்பிட்டான். பஹ்மிக்கு வயிறு எரியத் தொடங்கியது அப்போதுதான்.

கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குப் பெயர் தாத்தா. றலியா ஒன்றும் பஹ்மியின் கூடப்பிறந்த அக்கா இல்லை, முதலாளி. வங்கி ஒன்றில் மோசடிகளை மோப்பம் பிடிக்கும் வேலையை உதறிவிட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவள். அன்று முதல் இன்று வரை அவளுக்கு ஒரே உதவியாளன் பஹ்மி. தாத்தா என்ற அந்த ஒரு சொல்லைத் தன் சம்பளத்தில் பாதி என்று அவன் நினைத்திருந்தான். மற்றப் பாதி எப்போதும் பிந்தித்தான் வரும்.

அஹ்னாப் வந்த காரியம் இது. போன மாதம் அலுவலகக் கணினி ஒன்று செத்துப்போனது. அதோடு பாதி வழக்குகளின் விபரமும் போய்ச் சேர்ந்தது. இனி அப்படி நடக்கக்கூடாது என்று, அலுவலகத்திலும் தன் வீட்டிலும் உள்ள கணினிகள் எல்லாவற்றுக்கும் தானாகவே பிரதி எடுத்து வைக்கும் ஒரு பெட்டி வாங்க றலியா தீர்மானித்தாள். எதை வாங்குவது என்று கேட்கக் கணினிக் கடைக்கார அஹ்னாபைக் கூப்பிட்டாள். அவனும் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு வந்து, பஹ்மியின் கதிரையில் உட்கார்ந்து, பஹ்மியின் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மூணு விதம் ஈக்கு தாத்தா," என்றான். "ஒண்டு, ஒத்த டிஸ்க் பெட்டி. மலிவு. டிஸ்க் செத்தா எல்லாம் போகும். ரெண்டாவதுல ரெண்டு டிஸ்க், நாலு டிஸ்க் எண்டு போடலாம். ஒண்டுல எழுதினத்த மத்ததிலயும் எழுதும். ஒரு டிஸ்க் செத்தாலும் பயமில்ல. ஆனா நீங்க கொம்பியூட்டர்ல ஒரு ஃபைல அழிச்சா, பெட்டியும் அத அழிச்சிடும். சொன்னத்த மட்டும் செய்ற பெட்டி அது. மூணாவது, நேத்து இருந்தத்த, முந்தாநாள் இருந்தத்த எல்லாம் உள்ளுக்க ஒளிச்சு வெச்சுக்கும். இண்டைக்கு அழிச்சாலும் நேத்தைய பிரதி அப்படியே ஈக்கும். பெட்டிட பெரிய பாஸ்வேர்ட் யார்ட கையில ஈக்கோ, அவருக்கு மட்டும்தான் அது கண்ணுல படும்."

"நாலாவது ஒண்டு ஈக்கா?" என்றான் பஹ்மி. "வாய் மூடியே ஈக்கிற மாதிரி?"

றலியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகவாயில் கையை வைத்துக்கொண்டு அஹ்னாப் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பஹ்மி இத்தனை வருடமாகப் பேசியதை அவள் ஒரு நாளும் முகவாயில் கைவைத்துக் கேட்டதில்லை.

"அப்ப ஒரு ஆள் எந்தப் பெட்டிய தெரிவு செய்றார் எண்டு பாத்தா, அவர் எதுக்குப் பயப்படுறார் எண்டு சொல்லிடலாம்," என்றாள். "டிஸ்க் சாகும் எண்டு பயமா, இல்லாட்டி வீட்டு ஆள்ட கைக்குப் பயமா எண்டு."

"நீங்க எதுக்குத் தாத்தா பயப்படுறீங்க?" என்று இடையில் புகுந்தான் பஹ்மி.

"ஒன்ட தேத்தண்ணிக்கு."

செத்த கணினியைக் கழற்றிப் பார்த்து, உள்ளே பஹ்மியின் பால் தேத்தண்ணீர் காய்ந்து கிடக்கிறது என்று போட்டுக் கொடுத்தவனே இந்த அஹ்னாப்தான்.

"அது கெடக்கட்டும்," என்றாள் றலியா. "அஹ்னாப்ட விசிட்டிங் கார்ட் மேசைக் காலுக்குக் கீழ என்ன செய்யுது?"

"மேசை ஆடுது தாத்தா. நாலா மடிச்சு வெச்சா சரியான உசரம்."

"பேர் மட்டும் உள்பக்கமா மடிஞ்சீக்கே?"

நல்லவேளை, பஹ்மி பதில் சொல்லத் தேவைப்படவில்லை. கதவை இடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

கண்டியில் அவரைத் தெரியாத மதில் கிடையாது. உயர்தர இரசாயனவியல் டியூசன், கஜேந்திரன் சேர். பஸ் நிலையத்திலிருந்து பேராதனை வரை, கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் அந்தப் போஸ்டர் முகத்தைத் தாண்டாமல் யாரும் வேலைக்குப் போய்விட முடியாது. நேரில் வந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் பாடமெல்லாம் அழிஞ்சிருச்சுங்க மேடம்!" கதிரையில் விழுந்தார். "இத்தன வருச நோட்ஸ், வீடியோ, மாதிரி வினாத்தாள் எல்லாம். திங்கக்கெழமை கொம்பியூட்டரத் தொறந்தா ஒன்னுமே இல்ல. பேக்கப் பெட்டியப் பாத்தா அதுலயும் இல்ல. வர்ற ஞாயித்துக்கெழமை பரீட்சைக்கு முந்தின கடைசி வகுப்பு. மண்டபமெல்லாம் சொல்லியாச்சு. கையில ஒரு தாள் இல்லாம போய் நின்னேன்னா, அத்தன புள்ளைகளும் ரமேஸ்கிட்ட போயிருவாங்க."

"ரமேஸ் யாரு?"

"அவனும் கெமிஸ்ட்ரிதான். பொறாமை புடிச்சவன். அவன்தான் ஆள் வச்சு அழிச்சிருக்கான். இன்னிக்குப் பின்னேரம் லைவ்ல வந்து அவன் பேரச் சொல்லப் போறேன்."

"பின்னேரம் வரைக்கும் பொறுங்க," என்றாள் றலியா. "பெட்டிய எங்க வாங்கினீங்க?"

கஜேந்திரன் அஹ்னாபைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இவரு கடையிலதான். நான் நாலு டிஸ்க் பெட்டி வாங்கிட்டு வான்னுதான் சொல்லி விட்டேன். ரமேஸ் வீட்டுல நாலு டிஸ்க் இருக்கு. என் வய்ஃப் போய் சின்னதா ஒன்னத் தூக்கிட்டு வந்துட்டா. அதான் இப்புடி ஆயிருச்சு."

றலியா காரை எடுத்தாள். "பஹ்மி, நீ பின்னால ஏறு. அஹ்னாப் முன்னால இருந்து வழி சொல்லட்டும்."

சேரின் வீடு இருந்த கட்டுகஸ்தோட்டைக்கு வழி சொல்ல ஓர் ஆளாம்! பஹ்மி பிறந்து வளர்ந்ததே அங்கேதான். பின் இருக்கையில் ஒரு பழைய குடையோடு உட்கார்ந்துகொண்டு, முன்னால் தெரிந்த அஹ்னாபின் ஒழுங்காக வெட்டிய பிடரியைப் பார்த்தபடியே பாலத்தைக் கடந்தான். அடுத்த மாதம் சம்பளம் யாருக்குப் போகும் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கஜேந்திரன் சேரின் வீடு மகாவலி ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி நிரோஷா. நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் தேத்தண்ணீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சிறிய பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அஹ்னாப் குனிந்து பார்த்தான். உடனே நிமிர்ந்தான். "தாத்தா, இது வந்து..."

றலியா அவன் காலை நன்றாக மிதித்தாள். பார்க்காமல் மிதித்த மிதி இல்லை அது. அஹ்னாப் "ஆ" என்று வாயை மூடினான். பஹ்மிக்கு அன்று முதல் தடவையாகத் தேத்தண்ணீர் இனித்தது.

"அழியாம என்ன மிஞ்சீக்கு சேர்?" என்று றலியா கேட்டாள்.

கஜேந்திரன் கணினியைத் திறந்து காட்டினார். கலியாண ஆல்பம் இருந்தது. பழைய பாட்டுகள் இருந்தன. போஸ்டர்கள் இருந்தன, சிவப்புச் சேர்ட்டில் ஒன்று, நீலச் சேர்ட்டில் ஒன்று, கோட்டுப் போட்டு ஒன்று என்று, வருடா வருடம் கைகட்டிச் சிரித்த அத்தனை போஸ்டரும் ஒன்று குறையாமல் இருந்தன.

"ஒங்கட முகம் மட்டும் தப்பிச்சீக்கு சேர்," என்றான் பஹ்மி. "ரமேஸ் சேருக்கு ஒங்கள மிச்சம் புடிக்கும் போல."

"அவன் பகிடி விடுறான், ஆனா மெய்தான்," என்றாள் றலியா. "ஒங்கள வெறுக்கிற ஆள் மொதல்ல அதத்தான் அழிச்சிருப்பார். சரி, ரமேஸ் சேர் இந்தக் கெழமை புதுசா ஏதாச்சும் படிப்பிச்சாரா?"

கஜேந்திரன் கொஞ்சம் நெளிந்தார். "நம்ம பையன் ஒருத்தன அங்க அனுப்பி வச்சிருக்கேன். சும்மா, என்ன நடக்குதுன்னு பாக்க. புதன்கெழமையும் அதே பழைய சரக்குதானாம்."

"அப்ப ஒங்கட நோட்ஸ யாரும் களவெடுக்கல்ல. அழிச்சு மட்டும்தான் ஈக்கு. போட்டிக்காரன் எண்டா களவெடுத்துட்டுத்தான் அழிப்பான். தனக்கும் வேணாம், அங்கயும் இருக்கக்கூடாது எண்டு அழிச்சா, அது வேற சாதிப் பொறாமை."

"பொறாமைன்னா ரமேஸ்தான் மேடம்!"

றலியா பஹ்மியின் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். "அத குசினில போய்க் குடி. கொம்பியூட்டர் பக்கத்துல வேணாம்."

அஹ்னாப் சிரித்தான். பஹ்மி கோப்பையைத் தூக்கிக்கொண்டு, முகம் கறுத்துப்போய், குசினிக்குள் நடந்தான். அடிக்கக் கையில் எதுவும் கிடைக்காத கோபத்தில் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது.

டியூசன் வகுப்புக் கலண்டர். மேலே கஜேந்திரன் சேர், கைகட்டிச் சிரித்துக்கொண்டு. கீழே தேதிகள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அதோடு முடிந்துவிட்டது.

"கலண்டர்ல சனி, ஞாயிறு எங்க, அக்கா?" என்று கேட்டான்.

"அது வகுப்பு நாளுங்க தம்பி. எனக்கு அதுல என்ன வேலை?" நிரோஷா அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் சொன்னார்.

பஹ்மி கிட்டப் போய்ப் பார்த்தான். கலண்டரின் வலப்பக்கம் பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. இடம் போதாமல் மடித்தது இல்லை. பக்கத்தில் இன்னொரு கலண்டர் தொங்குமளவு சுவர் காலியாகக் கிடந்தது. நகத்தால் ஓட்டி ஓட்டி அழுத்திய மடிப்பு. அப்படி ஒரு மடிப்பு எப்படி வரும் என்று பஹ்மிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று காலைதான் அவனும் ஒன்று போட்டிருந்தான்.

மடிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே ஒரு முகம். இளம் பெண், சிவப்புச் சாரி, நல்ல சிரிப்பு. கீழே டிலானி மிஸ் என்று பெயர். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு முன்னறைக்கு ஓடி, றலியாவை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"தாத்தா, கேஸ் முடிஞ்சு. சேருக்கும் டிலானி மிஸ் எண்டு ஒரு டீச்சருக்கும் எடையில என்னமோ ஈக்கு. சம்சாரம் எரிஞ்சுபோய் அழிச்சீக்கிறா."

"எப்படித் தெரியும்?"

"மேசைக் கால் மாதிரிதான் தாத்தா."

றலியா அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சுவரிலிருந்து கலண்டரைக் கழற்றி முழுவதுமாக விரித்தாள். பஹ்மி பார்த்த முகத்தில் அவள் கண் நிற்கவேயில்லை. முகத்துக்குக் கீழே, சனியும் ஞாயிறும் தொடங்கும் இடத்தில், மஞ்சள் எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தாள்.

"டிலானி மிஸ்ஸின் புகழ்பெற்ற நோட்ஸ், எமது வகுப்பில் மட்டும்." பிறகு நிரோஷாவைப் பார்த்தாள். "நோட்ஸ் எழுதினது யாரு?"

நிரோஷா தண்ணீர்க் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"நான்தாங்க. பன்வில தோட்டத்துல இருந்து நானும், கலஹாவுல இருந்து இவரும் ஒரே வருசம் பேராதனை கெம்பசுக்குப் போனோம். என் நோட்ஸப் பாத்துத்தான் இவரு பாஸ் பண்ணினாரு. கல்யாணத்துக்கு அப்புறமும் நான்தான் எழுதுறேன். கூட்டத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும், நீங்க பேசுங்கன்னு நான்தான் சொன்னேன். இவரு பேரப் போட்டாரு. புருசன்தானேன்னு இருந்துட்டேன். இப்ப வகுப்புக்கு உதவிக்கு வந்த அந்த டிலானிப் புள்ள பேரப் போட்டா நோட்ஸ் இன்னும் நல்லா போகுதாம்."

"அப்ப சேர் மேல சந்தேகம் ஒண்டும்..." என்று பஹ்மி இழுத்தான்.

"இவர் மேலயா?" நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இவர யாரு கொண்டு போகப் போறா? கொண்டு போனாலும் ரெண்டு நாள்ல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாங்க." சிரிப்பு அப்படியே நின்றது. "பொறாமைதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவருக்காக இல்ல. அந்தப் புள்ளையும் நல்ல புள்ள. நான் ராவும் பகலும் இருந்து எழுதினத, டிலானி மிஸ் நோட்ஸ்னு சொல்லி புள்ளைக நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இந்த ரோட்டுல போறாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாக்கணும். வயிறு பத்திக்கிட்டு எரியுதுங்க."

பஹ்மி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பார்த்தது முகத்தை. றலியா பார்த்தது வரியை. ஒரே மடிப்புத்தான்.

"நீங்க மெய்யா அழிக்க நெனக்கல்ல," என்றாள் றலியா மெதுவாக. "நெனச்சிருந்தா சேர் கேட்ட நாலு டிஸ்க் பெட்டிய வாங்கியிருப்பீங்க. அது சொன்னத்த மட்டும் செய்ற பெட்டி. நீங்க வாங்கினது நேத்தைய ஒளிச்சு வெக்கிற பெட்டி. அஹ்னாப் கண்டவுடனே சேர் முன்னால சொல்லப் பாத்தார். கால மிதிச்சு நிப்பாட்டினேன்."

பஹ்மியின் நாக்கில் அதுவரை மிஞ்சியிருந்த தேத்தண்ணீர் இனிப்பும் போய்விட்டது. அந்த மிதி அஹ்னாபைத் திட்டிய மிதி இல்லையாம்.

"ஒண்டு மட்டும் எனக்கு வெளங்கல்ல," றலியா விடவில்லை. "அத வாங்கின நேரம் ஒண்டும் அழியல்லயே. யார்ட கைக்குப் பயந்து அத வாங்கினீங்க?"

நிரோஷா தன் கைகளைப் பார்த்தார்.

"என் கைக்குத்தான் மிஸ். இந்தக் கலண்டர அச்சுக்குக் குடுத்த அன்னிக்கே எனக்கு அந்த நெனப்பு வந்துருச்சு. என்னிக்காவது ஒரு நாள் எல்லாத்தையும் அழிச்சுருவேன்னு தெரியும். நான் அழிச்சாலும் அழியாத பெட்டி எதுன்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டுக் கேட்டு வாங்கினேன். எவ பேரப் போட்டாலும் உள்ள இருக்கிறது என் எழுத்து."

"பெரிய பாஸ்வேர்ட்?"

"என்கிட்டதான் இருக்கு. அப்புடி ஒன்னு இருக்கான்னு இவரு இதுவரைக்கும் கேட்டதில்ல."

முன்னறையில் கஜேந்திரன் யாரோடோ போனில் ரமேஸைத் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"ரெண்டு வழி ஈக்கு," என்றாள் றலியா. "இப்பவே எல்லாத்தயும் திருப்பி எடுத்துக் குடுங்க. பெட்டில கோளாறு எண்டு நான் சேருக்கு ஒரு கதை சொல்றேன். ஒருத்தருக்கும் தெரியாது. மத்த வழி ஒங்களுக்கே தெரியும்."

நிரோஷா மேசையில் விரிந்து கிடந்த கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு நேரே முன்னறைக்குப் போனார்.

"ரமேஸ் சேர விடுங்க. நான்தான் அழிச்சேன்."

கஜேந்திரன் போனைக் காதிலிருந்து எடுத்தார். வாய் திறந்தது. மூடவில்லை. அஹ்னாப் மரியாதையாக ரவுட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பஹ்மிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைக் கொஞ்சம் பிடித்தது.

"நீயா?" முகம் சிவந்து, கை ஓங்கி, பிறகு சுற்றி ஆட்கள் இருப்பது நினைவுக்கு வந்து, கையை இறக்கினார் கஜேந்திரன். அடுத்து அவர் ஏன் என்று கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கேட்டது வேறு. "திரும்பி வருமா?"

"வரும். ஞாயித்துக்கெழமை வகுப்பு முடிஞ்சதும் எல்லாம் அப்புடியே வரும்," என்றார் நிரோஷா. "அந்த வகுப்ப நான் எடுக்கிறேன்."

"நோட்ஸ் இல்லாம எப்புடி எடுப்ப?"

"எனக்கு எதுக்குங்க நோட்ஸ்?"

ஞாயிற்றுக்கிழமை றலியா அந்த மண்டபத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனாள், பஹ்மியைக் கூட்டிக்கொண்டு. அஹ்னாபைக் கூப்பிடவில்லை என்பதைப் பஹ்மி கவனித்துக்கொண்டான்.

சேரை எதிர்பார்த்து மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முன்னால் நிரோஷா ஏறி நின்றார். மார்க்கர் ஒரு தடவை கீழே விழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குனிந்து அதை எடுத்தவர், திரும்பிப் பலகையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். பலகையைப் பார்த்ததும் அவருக்குக் கூட்டம் மறந்துபோயிற்று. ஒரு இரசாயனத் தாக்கத்திலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று, இரண்டு வருடப் பாடத்தையும் பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே கோட்டில் இழுத்துக்கொண்டு போனார். கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. முன்வரிசையில் இருந்த டிலானி மிஸ் பாதியில் எழுதுவதை நிறுத்தி, பலகையையும் நிரோஷாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் யாருடைய நோட்ஸைக் கையில் வைத்திருந்தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

முடிந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். "மிஸ், ஒங்க பேரு என்ன?" என்று ஒரு பிள்ளை கத்தினாள். நிரோஷா பலகையில் மிஞ்சியிருந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.

பின்வரிசையில், பஹ்மிக்குப் பக்கத்தில், போஸ்டரில் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு கஜேந்திரன் நின்றிருந்தார். அழிந்த பாடம் எல்லாம் இன்று பின்னேரம் திரும்பி வரப்போகிறது. அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை.

"தம்பி," என்றார். "எனக்கு இந்தப் புள்ளைக ஒரு நாளும் எந்திரிச்சு நின்னு கை தட்டினதில்லயே?"

பஹ்மி அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு மூன்று நாளாகக் காலையில் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"கொஞ்ச நாளைக்கு எரியும் சேர்," என்றான். "தேத்தண்ணி குடிங்க. கொம்பியூட்டருக்குத் தள்ளி நிண்டு குடிங்க."

மறுநாள் அலுவலகத்துக்குப் புதுப் பெட்டி வந்தது. மூன்றாவது வகை. அஹ்னாப் அதை மேசைமேல் பொருத்திவிட்டுப் போனதும் றலியா பஹ்மியைக் கூப்பிட்டாள்.

"பெரிய பாஸ்வேர்ட ஒரு ஆள்ட்ட மட்டும் வெச்சிருக்கிறது சரியில்ல. நீயும் பாடமாக்கி வெச்சுக்க."

"அஹ்னாபுக்குக் குடுக்கல்லயா?"

"அஹ்னாப் பெட்டிய விக்கிறவர். கலண்டர் மடிப்பக் கண்டது நீ."

"நான் முகத்த மட்டும்தானே தாத்தா பாத்தேன்."

"அதுக்குத்தான் நான் ஈக்கேன்."

பஹ்மி குனிந்து, மேசைக் காலுக்குக் கீழே கிடந்த அஹ்னாபின் கார்டை உருவி, நாலு மடிப்பையும் விரித்து, பெயர் மேலே தெரியும்படி மேசையில் வைத்தான். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. றலியா பாய்ந்து பெட்டியைப் பிடித்தாள். பஹ்மி தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தான்.